மேல்வயல் தண்ணீர்

அந்தப் பூச்சிப்பொடியின் மணம் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதென்று தெரியவில்லை. மழையில் நனைந்த சாக்கை இருட்டு மூலையில் போட்டு ஒரு மாதம் மறந்துவிட்டால் பூஞ்சை மணம் ஒன்று வருமே, ஏறக்குறைய அது. ஆனால் இது தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் குடித்தாலும் போகாது. நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கன்னிப்பூ அறுப்பு, கும்பப்பூ அறுப்பு என்று வருஷத்தின் இரண்டு போகத்தைப் பற்றியும் பேச்சு நீளும். நானும் சேர்ந்து பேசுவேன், சிரிப்பேன். பொடி தூவிய கதைக்கு யாராவது வந்தால் மட்டும் காலில் மரமரப்பு என்று சொல்லி எழுந்துவிடுவேன். அன்று கூட இருந்த பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. அப்பா போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. எழுதினால் யாருக்கும் குறைவு வராது. எனக்கு வந்தால் வரட்டும்.

நாஞ்சில் நாட்டைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்து மெட்ராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஊரில் கூட்டமும் கோஷமுமாக இருந்த சமயம். பள்ளிக்கூடத்தில் தமிழோடு மலையாளமும் படித்தோம். எனக்குப் பத்து வயது. எங்களுக்கு இரண்டு வயல்கள் இருந்தன. குளத்து மடையிலிருந்து வரும் தண்ணீர் முதலில் மேல்வயலில் பாயும். அங்கே நிறைந்தால் ஒரு சின்ன வடிகால் வழியே இறங்கி, கீழ்வயலை ஒட்டிய ஓடையில் சேரும். ஓடை ஓர் இடத்தில் அகன்று இடுப்பளவு ஆழத்தில் ஒரு குண்டாக நிற்கும். கரையில் தாழம்புதர். கெண்டையும் விராலும் சள்ளை மீனும் அந்தக் குண்டில் எப்போதும் இருக்கும். கீழ்வயல் முன்பே அறுப்பாகிவிடும். மேல்வயலில் அந்த வருஷம் அப்பா புதிதாக ஒரு விதை போட்டிருந்தார். நாள் அதிகம் எடுக்கும், ஆனால் மணி கூடுதல் என்று சொல்லி யாரோ கொடுத்த விதை. அதனால் ஊரெல்லாம் அறுத்து முடித்தபோதும் எங்கள் மேல்வயல் மட்டும் பச்சையாக நின்றது.

அறுப்பு முடிந்ததும் தாராக்காரர்கள் வருவார்கள். எங்கள் பக்கத்தில் வாத்துக்குத் தாரா என்று பேர். மலையாளக் கரையில் குட்டநாட்டுப் பக்கமிருந்து, தாராக்களை வயல் வயலாக மேய்த்துக்கொண்டே தெற்கே இறங்கி வருவார்கள். தூரத்தில் வரும்போது தாராக் கூட்டத்தின் சத்தம் தகர ஓட்டில் மழை விழுவது போலக் கேட்கும். எங்கள் வயலுக்கு வருகிறவர் வருஷாவருஷம் ஒருவரேதான். ஒல்லியான மனிதர். முதுகில் சுருட்டிய மூங்கில் தட்டி, கையில் நீண்ட கம்பு, கம்பின் நுனியில் ஒரு கிழிந்த துணி. கூடவே மனைவியும் மகளும். கீழ்வயலில் தட்டியை வளைத்துக் கட்டி, சாயங்காலம் தாராக்களை அதற்குள் அடைப்பார்கள். அவற்றின் எச்சம் வயலுக்கு உரம். அதற்காகவே அப்பா அவரைச் சொல்லி அனுப்பி வரவழைப்பார். தாராக்காரருக்குத் தாராக்களின் தீனி கிடைக்கும், எங்களுக்கு உரமும் காலையில் ஐந்தாறு முட்டையும் கிடைக்கும்.

தாராக்காரரின் மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். சிரித்தால் மேல் பல்வரிசையில் ஒரு பல் இருக்காது. விடிந்ததும் நான் ஓடிப் போவேன். தட்டியைத் திறந்து தாராக்களை வெளியே விட்டதும், நாங்கள் இருவரும் உள்ளே நுழைந்து சேற்றில் கிடக்கும் முட்டைகளைப் பொறுக்கிக் கடவப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே அடுக்குவோம். அந்தப் பனையோலைக் கடவங்கள் இப்போது எந்த வீட்டில் இருக்கின்றன? முட்டை கைக்கு இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூடு உள்ளங்கையில் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஒருநாள் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்தாள். என் அம்மா ஒன்றை உடைத்து வாணலியில் ஊற்றினாள். கரு குங்குமம் போலக் கிடந்தது.

"இதென்னா இப்பிடிச் செவந்து கெடக்கு?" என்றாள் அம்மா.

"அது நிங்ஙளுடெ வயலாக்கும் அம்மா," என்றாள் தாராக்காரி. "இங்ஙெ குஞ்ஞு ஞண்டு, கொஞ்சு, எல்லாம் கூடுதல் உண்டு. அது தின்னா கரு செவக்கும். வடக்கே உள்ள வயல்ல வெளுத்திருக்கும்."

பிற்காலத்தில் நான் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். கரும்பலகையில் ஒரு சூரியனை வரைவேன். அதிலிருந்து நெல்லுக்கும் பாசிக்கும் அம்புக்குறி. பாசியிலிருந்து புழுவுக்கும் நத்தைக்கும், அதிலிருந்து நண்டுக்கும் மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கு, பறவையிலிருந்து மனிதனுக்கு. வெயிலில் இருக்கிற சக்தியைச் செடி பிடித்து வைக்கிறது, செடியைத் தின்கிற பூச்சி அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, பூச்சியைத் தின்கிற தவளை அதிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது என்று சொல்வேன். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும். மற்றதெல்லாம் ஓடுவதற்கும் மூச்சு விடுவதற்கும் உடம்புச் சூட்டுக்குமே செலவாகிப் போகும். அதனால்தான் ஒரு வயலில் கோடிப் பூச்சி இருந்தால் ஆயிரம் தவளை இருக்கும், பாம்பு பத்து இருக்கும், பருந்து ஒன்றே ஒன்று வட்டமிடும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். குட்டி நண்டும் இறாலும் தின்று சிவந்த அந்தக் கருவும், வெயில் கைக்கு வந்து சேர்ந்தது போல இருந்த அந்த முட்டைச் சூடும் அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். ஒரு வகுப்பிலும் அதைச் சொன்னதில்லை. சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டிவரும்.

மேல்வயலில் கதிர் பால் பிடித்தபோது நாவாய்ப் பூச்சி விழுந்தது. பாலை உறிஞ்சிவிட்டால் மணி பதராகிவிடும். சுற்றியுள்ள வயல்களெல்லாம் அறுத்துக் காலியாக இருந்ததால் ஊர்ப் பூச்சி முழுக்க எங்கள் வயலுக்கே வந்தது. முந்தின வருஷமும் இதே பூச்சியால் பாதி பதர். அப்பா களத்தில் குனிந்து பதரைக் கையில் அள்ளி ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. இந்தத் தடவை விடக்கூடாது என்று பூச்சிமருந்துக்கு ஆளனுப்பினார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளின் பின்னால் ஒரு காகிதச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் அவரைப் பொடிக்காரர் என்றோம்.

"ஒரு பூச்சி மிஞ்சாது அண்ணாச்சி," என்றார் பொடிக்காரர். "பத்து நாளைக்கு மாட்டை மட்டும் வயல்ல எறக்கப்பிடாது, கேட்டேளா?"

"தாரா மேயுது."

"இந்த வயல்லயா?"

"இல்ல, கீழ்வயல்ல."

"அங்க மேஞ்சா என்னா? இதுல எறங்காம பாத்துக்கிட்டாப் போரும்."

அப்பா உடனே கீழ்வயலுக்குப் போய், மேல்வயல் பக்கம் தாரா வரக்கூடாது என்று தாராக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. விளைந்த பயிரில் தாரா இறங்கக் கூடாதென்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தானே. ஓடையைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் காலை, பனி காய்வதற்கு முன்னால் பொடி தூவினார்கள். மெல்லிய துணிப்பையில் பொடியைக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டு, உதறிக்கொண்டே வரப்பில் நடந்தார்கள். அப்பாவும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தார். பச்சைக் கதிரெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிற்று. நாவாய்ப் பூச்சிகள் சொத்துச் சொத்தென்று தண்ணீரில் விழுந்தன. கூடவே தும்பி விழுந்தது, சிலந்தி விழுந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, "செத்துது சவம், எல்லாம் செத்துது," என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அப்படிச் சிரித்து அந்த வருஷம் நான் பார்த்ததில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடித்து மழை பெய்தது. ஒரு மணி நேரம் அடித்துக் கொட்டியது. மேல்வயல் நிறைந்து வடிகாலில் தண்ணீர் பாய்வதை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நான் குடையோடு நின்று பார்த்தேன். வெளுத்த தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. நான் கீழ்வயலுக்குப் போனபோது தாராக்காரர் மகள் ஓடைக்குண்டில் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். இரண்டிலும் மீன்.

"வேகம் வாடீ! ஓடுதில்லை, சும்மா கிடக்குது!"

உண்மைதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில மல்லாந்து சுற்றின. நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்து, கால் பின்னிக்கொள்ள, கரையில் தடுமாறின. தவளைகள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. தாராக்கள் எல்லாம் குண்டுக்குள் இறங்கி, தலையை முக்கி முக்கி எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அன்று விருந்து. எங்களுக்கும்தான். வலை இல்லாமல், தூண்டில் இல்லாமல் கையாலேயே மீன் பிடிப்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். இரண்டு கடவம் நிறையப் பிடித்தோம். பெரிய விராலை நான்தான் பிடித்தேன். அதை அவளுக்குக் கொடுத்தேன். நான் பிடித்துக் கொடுத்தது. அதை எழுதத்தான் இவ்வளவு வருஷமாயிற்று.

என் கடவத்தை வீட்டு முற்றத்தில் கொண்டு வைத்தேன். அம்மா ஒரு மீனை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"எங்கட்டி பிடிச்ச?"

"ஓடையில. கையாலயே பிடிச்சோம்மா. எல்லாம் மயங்கிக் கெடக்கு."

அம்மா கடவத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மூட்டில் குழி தோண்டிக் கவிழ்த்தாள். திரும்பி வந்து, என் கைகால்களைச் சாம்பல் போட்டு வலிக்க வலிக்கத் தேய்த்தாள். அப்பா அப்போது உள்ளே வந்தார்.

"பொடித் தண்ணி ஓடைக்கு வந்திருக்கு," என்றாள் அம்மா.

அப்பா என் கையைப் பார்த்தார். "மழை வரும்னு யாரு கண்டா?"

"தாராக்காரர் பிள்ளையும் ஒரு கடவம் கொண்டு போயிருக்கா," என்றேன் நான்.

அப்பா, "கழுவி வேக வச்சாப் போயிரும். மீனுல என்னா ஏறப்போகுது?" என்றார்.

"பின்ன நாம ஏன் திங்கல?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடி எடுத்துப் போட்டார். மறுபடி மாட்டினார்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாறேம்ப்பா," என்றேன்.

"நீ எங்கயும் போகாண்டாம். சின்னப் பிள்ளை போய் என்னத்தையாவது சொல்லி வச்சா அவன் நாளைக்கே தாராவை ஓட்டிட்டுப் போயிருவான். ஊருக்குள்ளயும் பேச்சாகும். நான் பாத்துக்கிடுதேன்."

நான் மச்சில் ஏறி, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து கீழ்வயல் தெரியும். தட்டிக்குப் பக்கத்தில் தாராக்காரி மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தாள். புகை நேராக எழுந்தது. அப்பா இப்போது போவார், இப்போது போவார் என்று வாசலையே பார்த்தேன். அவர் தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். வெகு நேரம் போட்டார். புகை மெலிந்தது. பிறகு நின்றது. அவர்கள் சாப்பிட உட்கார்ந்தது தெரிந்தது. கூவினால் கேட்கும் தூரம்தான். நான் கூவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தாராக்களின் சத்தம் மாறியிருந்தது. கத்தல் இல்லை, ஒரு முனகல். அம்மா தடுப்பதற்குள் நான் ஓடிவிட்டேன். தட்டிக்குள் தாராக்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கழுத்து பின்னால் வளைந்து முதுகைத் தொட்டது. சில ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தன. தாராக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கி, அலகைப் பிரித்து, உள்ளே பார்த்து, கீழே வைத்தார். அவர் மகள் ஒரு தாராவை மடியில் போட்டு அதன் சிறகை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள், நடுக்கம் நின்றுவிடும் என்பது போல. மத்தியானத்துக்குள், அவரிடமிருந்த ஐந்நூறு தாராவில் முக்கால்வாசி செத்துவிட்டது.

ஊர்ப் பெரியவர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். கீழே இறங்கவில்லை.

"இது தாராச் சீக்கு. ஊருக் கோழிக்கும் பரவும். சாயங்காலத்துக்குள்ள எடத்தைக் காலி பண்ணு," என்றார்.

தாராக்காரர் எழுந்து நின்றார். "தீனம் எனிக்கு அறியும், பெரியவரே. தீனம் வந்தா முதல்ல பச்சையாக் கழியும், பின்னே தூங்கும், பின்னே சாகும். இது தீனம் அல்ல. இது விறயல், நடுக்கம். எந்தோ தின்னு."

"என்னத்தைத் தின்னுச்சு?"

"அதாக்கும் எனிக்கு அறியாத்தது," என்று சொல்லிவிட்டு அவர் என் அப்பாவைப் பார்த்தார். அப்பா அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் பக்கத்தில் போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் என் தலையில் கையை வைத்தார். தடவிக்கொடுப்பது போல வைத்து, அழுத்தினார். "நாளைக்குப் போகட்டும். இன்னைக்கு ஒரு நாள் கெடக்கட்டும்," என்று மட்டும் பெரியவரிடம் சொன்னார். அது பெரிய தயவு என்று நினைத்தாரோ என்னவோ.

செத்த தாராக்களைக் குழியில் போட்டு மூடினார்கள். ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு வேறு சாப்பாடும் இல்லை. கடைசியாகச் செத்த இரண்டு மூன்றைத் தாராக்காரி தனியாக எடுத்து வைத்ததை நான் பார்த்தேன். இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. மகளைத் தாழம்புதருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "அதைத் திங்காதே. மீனும் திங்காதே. பொடி," என்றேன். என்ன பொடி என்று விளக்க எனக்குத் தெரியவில்லை.

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். "பின்னெ எந்து தின்னும்?" என்று கேட்டாள்.

வேறு என்னத்தைத் தின்பது என்று அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். எங்கள் வீட்டுக்கு வா என்று நான் சொல்லியிருக்கலாம். அம்மா என்ன சொல்வாளோ, அப்பா என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவள் அம்மா கூப்பிட்டாள். ஓடிப்போய்விட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது, எங்கள் முற்றத்தில் தாராக்காரர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அதற்கு முன் அவர் எங்கள் முற்றத்துக்குள் வந்ததே இல்லை. அவளுடைய கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. அம்மா ஐயோ என்று ஓடிவந்தாள். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டைப் பிடித்து வண்டியில் பூட்டினார். அவசரத்தில் நுகக்கயிறு இரண்டு தடவை நழுவியது. நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். என்னை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. டாக்டர் இளவயதுக்காரர். அவளைக் கட்டிலில் கிடத்தி, கண்ணை விரித்துப் பார்த்து, நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"முன்னாடி எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"

"இல்லா," என்றார் தாராக்காரர்.

"என்ன சாப்பிட்டா?"

"மீனு. பின்னே நேத்து தாராவெறச்சி. கரளு, ஈரலு, அவளுக்கு இஷ்டம், அதை முழுக்க அவள் தின்னு."

"வேற ஏதாவது? விஷம், மருந்து, எதையாவது தொட்டாளா?"

தாராக்காரர் இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். நான் அப்பாவையே பார்த்தேன். அவர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தார்.

"பொடி," என்றார் அப்பா. "பூச்சிக்குப் போட்ட பொடி. மழையில மேல்வயல் தண்ணி ஓடையில எறங்கிட்டு. அந்த மீனு."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேகமாக ஏதேதோ சொன்னார். ஆட்கள் ஓடினார்கள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் மூவரும் நின்றோம். தாராக்காரர் அப்பாவிடம் கேட்டார்.

"முதலாளி இது எப்போ அறிஞ்ஞு?"

அப்பா நினைத்தால் பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "மீனு செத்தன்னைக்கு," என்றார்.

தாராக்காரர் கையை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. நாள் கணக்குப் பார்ப்பது போல இரண்டு விரலை மடக்கினார். "ரெண்டு தெவசம்," என்றார். பிறகு ஆஸ்பத்திரிப் படியில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அந்த மீனும் ஈரலும்தான் காரணமா, அவள் இரண்டு நாளும் அந்தத் தண்ணீரிலேயே நின்றது காரணமா, நிச்சயமாகச் சொல்ல எனக்கு இன்றும் முடியவில்லை. பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: சக்தி படிக்குப் படி குறைந்துகொண்டே போகும், ஆனால் இந்த மாதிரி விஷம் குறையாது. பூச்சியில் துளியாக இருப்பது மீனில் சேரும், பல மீனைத் தின்கிற தாராவில் இன்னும் சேரும், கொழுப்பிலும் ஈரலிலும் போய்த் தங்கும். கடைசியில் தின்கிறவருக்கு எல்லோருடைய பங்கும் வந்து சேரும். கடைசியில் தின்றது அவள்.

அவள் பிழைத்தாள். அப்பா இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எந்திச்சு இருக்கா, கஞ்சி குடிக்கா," என்று சொன்னார். மூன்றாவது தடவை போனபோது கட்டில் காலியாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முன்பே தாராக்காரர், மகளுக்குத் துணையாக மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஒருநாள் வந்து தட்டியைச் சுருட்டி, மிஞ்சிய தாராக்களை ஓட்டிக்கொண்டு வடக்கே போனார். அப்பா ஒரு மூட்டை நெல்லைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரைக்கும் பின்னால் போனார். தாராக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா மூட்டையை வரப்பில் வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அவளுக்கு மறுபடி வலிப்பு வந்ததா, பெரியவளானாளா, எங்கே இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. பேர் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மேல்வயல் அந்த வருஷம் நன்றாக விளைந்தது. அதையும் சொல்ல வேண்டும். பதரே இல்லை. ஊரார் வந்து மணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த பூவான கும்பப்பூவுக்கு நாலைந்து வீட்டில் பொடிக்குச் சொல்லி வைத்தார்கள்.

ஐப்பசி மழை பெய்தது. வயல் நிறைந்தது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னா இது, ஒரு தவளை கூடக் கத்தலியே?" என்றாள். நாங்கள் காது கொடுத்துக் கேட்டோம். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. தை மாதம் கும்பப்பூ கதிர் பால் பிடித்தபோது, நாவாய்ப் பூச்சி முன்பைவிட இரண்டு மடங்கு வந்தது. வரப்புப் புல்லிலிருந்தும் தரிசு நிலத்திலிருந்தும் அது சீக்கிரமாகவே பெருகி வந்துவிட்டது. அதைப் பிடித்துத் தின்கிற தும்பியும் சிலந்தியும் தவளையும் திரும்பி வரவில்லை. அவை பெருக நாள் வேண்டும். ஆனால் இது நான் பிறகு படித்தது. அன்று யாருக்கும் தெரியாது.

பொடிக்காரர் சைக்கிளில் வந்தார். இந்தத் தடவை இரண்டு சாக்கு. அப்பா அவற்றை இறக்கி முற்றத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த மணம் வீட்டுக்குள்ளெல்லாம் வந்தது. அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை. நான் அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"மறுபடியுமாப்பா?"

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன.

"போடலன்னா பதராப் போயிரும். பின்ன நாம என்ன செய்ய மக்கா? நீ சொல்லு."

அப்பா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். என் வாயிலிருந்து ஏதாவது வந்துவிடாதா என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு சாக்கைத் தோளில் ஏற்றி, வயலைப் பார்த்து நடந்தார்.